ஞாயிறு விருந்தின் எலும்பும் திங்கட்கிழமைப் பானையும்

விருந்து முடிந்த மேசையில் இறுதியாக எஞ்சுவது எலும்பு. வளம் மிகுந்த வீட்டில் அது நாய்க்குப் போகும். கையிருப்பை எண்ணிச் செலவிடும் வீட்டில் அது மறுநாள் உலைக்குப் போகும். உலகின் பல நாடுகளில், விலை மிகக் குறைந்த இந்த எலும்பைக் கொண்டே ஏழை எளியோர் தம் பிள்ளைகளுக்குச் சுவையும் வலுவும் உள்ள உணவைச் சமைத்து வந்திருக்கின்றனர். அவற்றுள் புகையூட்டிய பன்றித்தொடை எலும்புக்குத் தனியிடம் உண்டு. ஆலந்து நாட்டின் பட்டாணிக் கஞ்சியும், கனடாவின் கெபெக் மாநிலத்து மஞ்சள் பட்டாணி சூப்பும், ஐக்கிய அமெரிக்கத் தென் மாநிலங்களின் பயற்றுச் சோறும் இதன் துணையால் சுவை பெற்றவையே. இவ்வெலும்பின் இயல்பையும், ஒரு கத்தோலிக்க நகரத்தின் வாழ்வோடு அது பின்னிப் பிணைந்த வரலாற்றையும் இக்கட்டுரையில் சிறிது விரிவாகக் காண்போம்.

எலும்புக்குச் சுவை எங்கிருந்து வருகிறது?

பன்றியின் பின்தொடையை உப்பிட்டுப் பதப்படுத்துவதையே மேலைநாட்டார் ஹாம் என்பர். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில், இறைச்சியை மாதக்கணக்கில் காக்க உப்பும் புகையுமே துணை. உப்பு இறைச்சியிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடுகிறது. நீர் குறைந்த இடத்தில் கிருமிகள் எளிதில் பெருக மாட்டா. உப்போடு சிறிது வெடியுப்பும் சேர்ப்பது பழைய வழக்கம்; இன்று அதன் இடத்தில் அளவிட்ட நைட்ரைட் உப்பைச் சேர்க்கின்றனர். வெந்த பிறகும் ஹாமின் தசை இளஞ்சிவப்பாக இருப்பதற்கு இதுவே காரணம். பின்னர் ஓக், ஹிக்கரி முதலிய வைரம் பாய்ந்த மரக்கட்டைகளைக் கனிய விட்டு, அந்தப் புகையில் தொடையைத் தொங்கவிடுவர்.

மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் வெப்பத்தில் சிதையும்போது குவையகால், சிரிங்கால் முதலிய ஃபீனால் வகைச் சேர்மங்கள் தோன்றுகின்றன. புகைமணம் என்று நாம் உணர்வது பெரும்பாலும் இவற்றையே. இவை கொழுப்பிலும் தோலிலும் படிந்து நிலைத்துவிடுகின்றன. இறைச்சி கெடாமல் காப்பதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. நெடுநாள் உப்பில் பதப்பட்ட ஹாமில் இன்னொரு மாற்றமும் நிகழ்கிறது. தசையின் புரதம் மெல்ல மெல்லச் சிதைந்து அமினோ அமிலங்களாகிறது. அவற்றுள் ஒன்றான குளூட்டமேட், நாவுக்கு நிறைவு தரும் ஊன்சுவையை அளிக்கிறது.

தசையை அறுத்து உண்ட பின்னரும் எலும்பைச் சுற்றிச் சவ்வும், நாரும், தோலும், சிறிது இறைச்சியும் ஒட்டியிருக்கும். தொடைக்குக் கீழே பாதத்துக்கு மேலே உள்ள கணுக்கால் மூட்டு இவ்வகைப் பகுதிகளால் நிறைந்தது. கடினமான இப்பகுதியைச் சிறிது நேரம் மட்டும் வறுத்தோ சுட்டோ உண்பது அரிது. ஆகவேதான் கடைகளில் நல்ல தசையைவிட இது மலிவாகக் கிடைக்கிறது. ஆயினும் அந்தக் கடினமே அதன் செல்வம் எனலாம். சவ்விலும் நாரிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம், கொதிநிலைக்குச் சற்றுத் தாழ்ந்த வெப்பத்தில் இரண்டு மூன்று மணி நேரம் கிடந்தால் கரைந்து ஜெலட்டினாக மாறுகிறது. சாறு நாவில் வழவழப்பாகத் தங்குவதும், ஆறியபின் கூழ்போல் உறைவதும் இதனாலேயே. நம் வீடுகளில் ஆட்டுக்கால் சூப் வைக்கும் தாய்மார்களுக்கு இந்த உண்மை புதிதன்று.

சலவை நாளின் உணவு

அமெரிக்க நாட்டின் லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் நியூ ஆர்லியன்ஸ் நகரம் அமைந்துள்ளது. 1718-ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரரால் நிறுவப்பட்டு, பின்னர் ஸ்பானியர் ஆட்சிக்கும் உட்பட்டு, 1803-ஆம் ஆண்டு அமெரிக்காவுக்கு விற்கப்பட்ட இந்நகர், தொடக்கமுதல் கத்தோலிக்க வாழ்வில் வேரூன்றியது. அங்கே திங்கட்கிழமை என்றால் சிவப்பு அவரையும் சோறும் என்பது எழுதாச் சட்டம்.

இவ்வழக்கம் பிறந்த வகையை அந்நகர மக்கள் இவ்வாறு விளக்குவர். ஞாயிறன்று திருப்பலி முடிந்து வீடு திரும்பும் குடும்பம் ஹாம் விருந்து உண்ணும். மறுநாள் திங்கள் சலவை நாள். இயந்திரம் இல்லாத அந்நாளில் துணி வெளுப்பது ஒரு பெண்ணின் முழுநாள் உழைப்பை விழுங்கியது. தண்ணீர் சுமந்து, விறகு மூட்டி, துணிகளைக் கொப்பரையில் அவித்து, பலகையில் தேய்த்து, அலசிப் பிழிந்து உலர்த்துவதற்குள் மாலை வந்துவிடும். அடுப்பருகே நின்று கிளறவும் தாளிக்கவும் அவளுக்கு நேரம் ஏது? ஆகவே முந்திய இரவே ஊறவைத்த அவரையையும், ஞாயிறு விருந்தில் மிஞ்சிய ஹாம் எலும்பையும் ஒரே பானையில் இட்டு, இளந்தீயில் வைத்துவிட்டுச் சலவைக்குச் செல்வாள். அவ்வப்போது வந்து ஒருமுறை கிண்டிவிட்டுப் போனால் போதும். மாலையில் துணியும் வெளுத்திருக்கும், பானையும் கனிந்திருக்கும். சோறு மட்டும் வடித்தால் குடும்பம் முழுவதும் பசியாறும்.

இதில் அமைந்துள்ள இல்லறப் பொருளாதாரத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஒரே ஹாம், ஞாயிறன்று விருந்தாகவும் திங்களன்று உணவாகவும் இருமுறை பயன்படுகிறது. ஒரே நெருப்பு பல மணி நேரம் தாயின் கண்காணிப்பு இன்றியே வேலை செய்கிறது. அவரையில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்தை அரிசி தருகிறது. அரிசியில் குறைவாக உள்ள லைசினை அவரை தருகிறது. இரண்டும் சேர்ந்தால் உடலுக்கு நிறைவான புரதம். சத்தைத் தருவது அவரையும் அரிசியும்; அவற்றைக் குழந்தைகள் விரும்பி உண்ணும்படி செய்வது எலும்பு.

ஜாஸ் இசையின் பெருங்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் இந்நகரில் பிறந்து, தந்தை பிரிந்து சென்ற வீட்டில் கடும் வறுமையில் வளர்ந்தவர். உலகப் புகழ் பெற்ற பின்னரும் அவர் தம் கடிதங்களில் கையொப்பத்துக்கு முன், உங்கள் அன்புள்ள என்று எழுதும் இடத்தில், சிவப்பு அவரையையும் சோற்றையும் குறிக்கும் வேடிக்கைச் சொற்றொடரையே எழுதுவது வழக்கம். தாம் 1900-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் பிறந்ததாக அவர் கூறிவந்தார். அவர் 1971-இல் மறைந்த பிறகு, 1980-களில், நியூ ஆர்லியன்ஸ் இயேசுவின் திரு இருதய ஆலயத்து ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்தே அவர் பிறந்தது 1901-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4-ஆம் நாள் என்பது தெளிவாயிற்று. ஏழைப் பிள்ளையின் பிறந்த நாளைக் காத்து வைத்தது பங்கு ஆலயத்தின் ஏடு. அவன் பசியைக் காத்தது அவரைப் பானை.

எலும்பு யாருக்குக் கிடைத்தது?

இனிமையான இவ்வரலாற்றுக்குக் கசப்பான ஒரு பக்கமும் உண்டு. அதனை மறைத்துவிட்டுச் சுவையை மட்டும் புகழ்வது நேர்மையாகாது.

அமெரிக்கத் தென் மாநிலங்களில் அடிமை முறை 1865-ஆம் ஆண்டு வரை நிலவியது. ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட மக்களும் அவர்தம் வழித்தோன்றல்களும் தோட்டங்களில் உழைத்தனர். பன்றியை வளர்த்ததும், அறுத்ததும், உப்பிட்டதும், புகைவீட்டில் தொங்கவிட்டதும் பெரும்பாலும் அவர்களே. ஆயினும் நல்ல தொடைப் பகுதி எசமானர் மேசைக்குச் சென்றது. காலும், கழுத்தும், தோலும், எலும்பும் உழைத்தவனின் குடிசைக்கு வந்தன. அந்த எச்சத்தைக் கொண்டு அவர்கள் கீரையை அவித்தனர், பயற்றைக் கனியவைத்தனர். கீரை வெந்த சாற்றையும் வீணாக்காமல் சோள ரொட்டியைத் தோய்த்து உண்டனர்.

நம் ஊரில் காராமணி என்றும் தட்டைப்பயறு என்றும் வழங்கும் பயறு ஆப்பிரிக்காவில் தோன்றியது. பழங்காலத்திலேயே நம் நாட்டுக்கு வந்து நிலைத்த அதே பயறு, அடிமைக் கப்பல்களின் வழியே அமெரிக்காவுக்கும் சென்றது. அதன் கண்ணுடைய வகையை அரிசியோடும் உப்பிட்ட பன்றியிறைச்சியோடும் சேர்த்துச் சமைக்கும் உணவுக்கு ஹாப்பின் ஜான் என்று பெயர். 1847-ஆம் ஆண்டு சேரா ரட்லெஜ் என்னும் பெண்மணி வெளியிட்ட கரோலினா இல்லத்தரசி என்னும் சமையல் நூலில் இதன் செய்முறை இடம்பெற்றுள்ளது. இன்றும் அமெரிக்கத் தென் மாநிலங்களில் புத்தாண்டு நாளில் இதனை உண்பது நன்மை தரும் என்பது மக்கள் நம்பிக்கை. அடிமைக் குடிசையின் உணவு எசமானியின் ஏட்டில் ஏறியது. ஆனால் அதைச் சமைத்த கறுப்பினப் பெண்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

நியூ ஆர்லியன்ஸுக்கும் இத்தகைய துயர வழியிலேயே புதிய மக்கள் வந்தனர். இன்று ஹெயிட்டி எனப்படும் செயின்ட் டொமிங்கு குடியேற்ற நாட்டில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து விடுதலை பெற்ற காலத்தில், அங்கிருந்து கியூபாவுக்குச் சென்றிருந்த 9,000-க்கும் மேற்பட்டோர் 1809, 1810 ஆண்டுகளில் நியூ ஆர்லியன்ஸ் வந்து சேர்ந்தனர். வெள்ளையரும், விடுதலை பெற்ற கறுப்பினத்தாரும், அடிமைகளும் அவர்களுள் இருந்தனர். நகரின் மக்கள்தொகை ஏறக்குறைய இருமடங்காயிற்று. கரிபியத் தீவுகளின் அவரைச் சோற்றுப் பழக்கம் இவர்களோடு வந்து வேரூன்றியிருக்கலாம் என்று கருதுவோர் பலர்.

சமைக்கும் முறை

நம் பங்குகளிலிருந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறியுள்ள குடும்பங்களுக்கு இவ்வெலும்பு இறைச்சிக் கடையில் எளிதில் கிட்டும். அவர்களுக்குப் பயன்படும்பொருட்டு முறையைக் கூறுகிறோம்.

அரைக் கிலோ சிவப்பு அவரையைக் கல் நீக்கிக் கழுவி, இரவு முழுவதும் நிறைய நீரில் ஊறவிட வேண்டும். ராஜ்மா என்று கடைகளில் விற்பதும் ஏற்றதே. காலையில் ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீர் ஊற்றி, முதல் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். இந்த ஒரு விதியில் தளர்வு கூடாது. சிவப்பு அவரையில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. நன்கு வேகாத சில விதைகளை உண்டாலே கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, புதுநீரில் முப்பது நிமிடம் கொதிக்கவைக்குமாறு அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அறிவுறுத்துகிறது. கொதிக்காமலே மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரத்தில் பச்சை அவரையை நேரே இடுவது ஆபத்து; தாழ்ந்த வெப்பம் இந்த நஞ்சை அழிக்காது.

கொதித்தபின் தீயைக் குறைத்து எலும்பைச் சேர்க்கலாம். மிகுந்த உப்புள்ள எலும்பாயின், முன்னரே தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்துக் கழுவுவது நன்று. வேறொரு சட்டியில் சிறிது எண்ணெய் விட்டு, நறுக்கிய வெங்காயம், செலரித் தண்டு, பச்சைக் குடமிளகாய் மூன்றையும் வதக்கி, நசுக்கிய பூண்டோடு பானையில் சேர்க்க வேண்டும். இம்மூன்று காய்களையும் அந்நகரச் சமையற்காரர் பரிசுத்த தமத்திரித்துவம் என்றே அழைக்கின்றனர். இதனை நிந்தை என்று கொள்ளத் தேவையில்லை. மறைக்கல்விச் சொற்கள் அடுக்களை வரை சென்று பழகிய ஊர் அது. லாரல் இலை இரண்டும், சிறிது தைம் இலையும், மிளகாய்த்தூளும் இட்டு, மூடி வைத்து, இரண்டு முதல் மூன்று மணி நேரம் இளந்தீயில் விட வேண்டும். தக்காளி, வினிகர் முதலிய புளிப்புப் பொருள்களைத் தொடக்கத்தில் சேர்த்தால் அவரை எளிதில் வேகாது. உப்பும் தொடக்கத்தில் வேண்டா; எலும்பு தன் உப்பைச் சாற்றுக்குத் தந்து முடித்த பின்னர் சுவைத்துப் பார்த்து, தேவையானால் மட்டும் சேர்க்கலாம்.

அவரை விரலால் நசுங்கும் பதம் வந்ததும் எலும்பை எடுத்து ஆறவிட்டு, ஒட்டியுள்ள இறைச்சியைப் பிய்த்து மீண்டும் பானையில் இட வேண்டும். பிறகு அகப்பையால் ஒரு பங்கு அவரையைப் பானையின் ஓரத்தில் வைத்து மசித்துவிட்டால் குழம்பு தானே கெட்டியாகும். மாவு கரைத்து ஊற்ற வேண்டியதில்லை. சூடான வெள்ளைச் சோற்றின்மேல் ஊற்றி உண்பது மரபு. மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். மறுநாள் அது இன்னும் சுவை கூடியிருக்கும்.

அளவு மீறாமை பற்றியும் ஒரு சொல். உலக நல்வாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களுள் ஒன்றாக 2015-ஆம் ஆண்டு வகைப்படுத்தியது. உப்பு மிகுதியும் இரத்த அழுத்தம் உடையோர்க்கு ஆகாது. பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புக் கொள்ள வேண்டும் என்பது அதே நிறுவனத்தின் பரிந்துரை. பழைய ஏழைத் தாயின் முறையில் இதற்கும் ஒரு வழி இருக்கிறது. பானை நிறைய அவரை, நடுவே ஓர் எலும்பு. இறைச்சியை உணவாகக் கொள்ளாமல் மணப்பொருளாகக் கொண்ட அந்த அளவே, நாள்தோறும் ஹாமை வெட்டி உண்பதைவிட உடலுக்கு ஏற்றது.

சுத்தபோசன நாளில் எலும்புச் சாறு

எலும்பைத்தானே வேகவைக்கிறோம், இறைச்சியை உண்ணவில்லையே, ஆகவே வெள்ளிக்கிழமையும் இச்சாற்றை உண்ணலாமா என்னும் கேள்வி இயல்பாக எழும். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1250-ஆம் சட்டம், சுத்தபோசன நாளில் இறைச்சியோடு இறைச்சிச் சாற்றையும் வெளிப்படையாக விலக்கியது. முட்டை, பால் பொருள்கள், விலங்குக் கொழுப்பால் ஆன சுவையூட்டிகள் ஆகியவற்றை அனுமதித்தது. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1966-ஆம் ஆண்டு வெளியிட்ட தவம் பற்றிய அப்போஸ்தலிக்கச் சாசனம், இறைச்சியை விலக்கும்போது சாற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை.

எழுத்தை மட்டும் நோக்கி வாதாடுவோர்க்கு இங்கே இடம் கிடைக்கலாம். ஆனால் ஊன்சுவைக்காகவே பானையில் இடப்படும் எலும்பை, ஊன் துறக்கும் நாளில் இடுவது அந்நாளின் கருத்துக்குப் பொருந்துமா? நியூ ஆர்லியன்ஸ் மக்கள் இதற்கு நடைமுறையில் விடை கண்டனர். பெரிய வியாழனன்று பலவகைக் கீரைகளை ஹாமோடும் பிற இறைச்சிகளோடும் சேர்த்துச் சமைக்கும் கீரைக் கம்போ அங்கே புகழ்பெற்றது. மறுநாள் பெரிய வெள்ளியின் நோன்புக்கு முந்திய உணவு அது. அதே கீரையைப் பெரிய வெள்ளியன்று சமைக்கும் வீடுகளில் எலும்பும் இறைச்சியும் பானைக்குள் வருவதில்லை.

இந்தப் பெரிய வியாழன் கம்போவை ஆண்டுதோறும் சமைத்துப் புகழடைந்தவர், பக்தியுள்ள கத்தோலிக்கரான லியா சேஸ் அம்மையார். 1923-இல் பிறந்து 2019-இல் மறைந்த இக்கறுப்பினப் பெண்மணி, தம் கணவர் குடும்பத்தின் டூக்கி சேஸ் உணவகத்தைப் பல்லாண்டுகள் நடத்தினார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் அமர்வதை மாநிலச் சட்டம் தடுத்திருந்த நாள்களில், குடியுரிமைப் போராட்டத் தலைவர்கள் இன வேறுபாடின்றி அவருடைய உணவகத்து மாடியறையில் கூடி, அவர் சமைத்ததை உண்டு, தம் செயல்களைத் திட்டமிட்டனர். எசமானர் மேசையின் எச்சத்திலிருந்து வளர்ந்த சமையல், எசமானர் என்றும் அடிமை என்றும் இல்லாத ஒரு மேசையை அமைத்துத் தந்தது.

மேலவையில் ஒரு கிண்ணம்

ஏழையின் எலும்பு ஆட்சியாளரின் உணவறைக்கும் சென்றுள்ளது. வாஷிங்டனில் அமெரிக்க மேலவையின் உணவகத்தில் வெள்ளை அவரை சூப் நாள்தோறும் இருக்க வேண்டும் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வரும் மரபு. ஐடஹோ மாநிலத்து உறுப்பினர் டுபாய் இதனைத் தொடங்கினார் என்பர் சிலர். மினசோட்டா மாநிலத்து நெல்சன் என்பர் வேறு சிலர். செய்முறை மிக எளியது. 2 பவுண்டு வெள்ளை அவரை, 4 குவார்ட்டு வெந்நீர், ஒன்றரைப் பவுண்டு புகையூட்டிய கணுக்கால் மூட்டு, ஒரு வெங்காயம், 2 மேசைக்கரண்டி வெண்ணெய், உப்பும் மிளகும். மூன்று மணி நேரம் வேகவைத்தால் எட்டுப் பேருக்குப் போதும். பருவநிலைக்கு ஏற்ப விலையுயர்ந்த உணவுகள் மாறிக்கொண்டிருக்க, எலும்பிட்ட இந்த அவரைச் சாறு மட்டும் மாறாமல் நிலைத்தது வியப்பன்றோ?

வெள்ளத்திலும் போகாதது

2005-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் நாள் கத்ரீனா புயல் தாக்கியபோது கரைகள் உடைந்து நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. வீடும் பொருளும் இழந்து திரும்பிய மக்கள், தாய்மாரும் பாட்டிமாரும் கைப்பட எழுதிவைத்த சமையல் குறிப்புகளும் அழிந்தன என்று வருந்தினர். டைம்ஸ்-பிக்கயூன் நாளிதழ் அவர்களுக்கு உதவ முன்வந்து, வாசகர்களிடமிருந்தே இழந்த குறிப்புகளைத் திரட்டி 2008-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டது. கூரையில்லா வீட்டுக்குத் திரும்பியவன் முதலில் தேடியவற்றுள் பாட்டியின் அவரைப் பானையும் ஒன்று. ஒரு குடும்பத்தை ஒன்றாகக் கட்டிவைப்பவை எவை என்பதை இந்நிகழ்ச்சி நமக்குக் காட்டுகிறது.

வாங்கும் ஆற்றல் பெருகிய இந்நாளில், எஞ்சியதைத் தூக்கி எறிவதே நாகரிகம் என்று எண்ணும் இளந்தலைமுறை வளர்ந்து வருகிறது. பற்றாக்குறையில் வாழ்ந்த பெண்களோ எஞ்சியதிலிருந்தே ஒரு நகரத்தின் பெருமையைச் சமைத்தனர். அவர்களுடைய சிக்கனத்தில் கஞ்சத்தனம் இல்லை. பானை எப்போதும் பெரிதாகவே இருந்தது. எதிர்பாராமல் வந்தவனுக்கும் அதில் ஒரு கரண்டி இருந்தது. நம் இல்லங்களில் ஹாம் எலும்பு இல்லாவிடினும், ஞாயிறு விருந்தின் மிச்சம் ஏதேனும் இருக்கவே செய்யும். அதனை வீணாக்காது மறுநாள் உணவாக்கவும், அந்த உணவில் அண்டை வீட்டாருக்கும் ஒரு பங்கு வைக்கவும் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போமாக.